நிறுவனம் கைவிரித்த பின்: குறைபாடுள்ள கார் வைத்திருப்பவருக்கு முன்னுள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் பாவனைக்குரிய வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டதிலிருந்து, யாழ்ப்பாணத்து வீதிகளில் புதிய கார்கள் மீண்டும் கண்ணில் படுகின்றன. அதோடு வாசகர்களிடமிருந்து ஒரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே கியர்பெட்டியோ பற்றரியோ பழுதாகிவிட்டது. உற்பத்தியாளரின் பெயரில் முகவர் நிறுவனம் பொறுப்பேற்க மறுத்துவிட்டது. இனி வழக்குப் போடுவதா, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) முறையிடுவதா, வெளியில் திருத்திக்கொண்டு பேசாமல் இருப்பதா, விற்றுவிடுவதா?

கேட்பவர்களில் பலர் காணியை ஈடு வைத்தோ, லீசிங் எடுத்தோ, வெளிநாட்டிலுள்ள உடன்பிறந்தோர் அனுப்பிய பணத்தைச் சேர்த்தோ வாங்கியவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனையும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. "முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுக் காசும் தருவார்கள்" என்று லண்டனில் இருப்பவர் சொல்வது அங்கே சரி. பிரித்தானியாவின் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அமெரிக்காவில் 1982 இல் கனெக்டிகட் மாநிலம் தொடக்கிவைத்த, குறைபாடுள்ள கார்களுக்கென்றே உள்ள சட்டங்கள் இன்று எல்லா மாநிலங்களிலும் உண்டு. இலங்கையில் கார்களுக்கென்று தனியாக அப்படி ஒரு சட்டம் கிடையாது. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், 1997 ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் ஆகிய பொதுச் சட்டங்களைக் கொண்டுதான் நாம் நடக்க வேண்டும். அவை பலமில்லாதவை என்று நான் எண்ணவில்லை. ஆனால் அவற்றில் எதைப் பிடிப்பது என்பது, கார் வாங்கியவரின் கோபத்தின் அளவைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணம். தொலைபேசியில் சொல்லப்படும் மறுப்பை மறுப்பாகவே கணக்கில் எடுக்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலாக வந்தாலும் போதும். எங்கள் பகுதியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணங்கள் சில உண்டு. ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டதால் படிவு உண்டாகி இயந்திரம் சூடேறியது என்பது ஒன்று. யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்கும் கடின நீர் என்பதால், உண்மையிலேயே கிணற்று நீர் விடப்பட்டிருந்தால் இந்தக் காரணத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குத் தினமும் போய்வரும் வாகனமென்றால், கடற்காற்றால் வந்த துருவுக்கு உத்தரவாதம் இல்லை என்பார்கள். மூன்றாவது, "வெளிக் கராஜில் சேர்விஸ் செய்திருக்கிறீர்கள்" என்பது. நான்காவது, எல்லாவற்றிலும் எரிச்சலூட்டும் பதில்: "பரிசோதித்தோம், பழுது எதுவும் காணப்படவில்லை."

முதல் இரண்டும் பழுதின் மூல காரணம் பற்றிய தகராறுகள். அவற்றைத் தீர்ப்பது பொறியியலாளரின் அறிக்கை. மூன்றாவது ஒப்பந்தம் பற்றிய தகராறு. உத்தரவாதப் புத்தகத்தின் வாசகமும், வெளியில் செய்த அந்த வேலைக்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பு உண்டா என்பதும்தான் அங்கே பேசும். நான்காவது இன்னும் சட்டத் தகராறாகவே ஆகவில்லை. பழுதை அவர்கள் கண்முன் காட்டாதவரை எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதே பதில்தான் வரும்.

திகதிகள். வாங்கிய நாள், பழுது முதலில் தெரிந்த நாள், உத்தரவாதம் முடியும் நாள், மறுப்பு வந்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கீழே வரும் வழிகளில் ஒன்று மூன்று மாதங்களில் மூடிக்கொள்ளும். இன்னொன்று ஆண்டுக்கணக்கில் திறந்திருக்கும்.

விலைச்சிட்டை யாருடைய பெயரில் உள்ளது. லீசிங்கில் எடுத்த காருக்குப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது நிதி நிறுவனம். பல வேளைகளில் விலைச்சிட்டையும் அவர்கள் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கும். அப்படியானால் பணத்தைத் திருப்பிக் கேட்கவோ வழக்காடவோ முன்னர் அவர்களுக்கு எழுத்தில் அறிவித்து, அவர்களின் இசைவுக் கடிதத்தையும் கேட்க வேண்டும். கார் கராஜில் கிடந்தாலும் மாதத் தவணை நிற்காது. கோபத்தில் தவணையை நிறுத்தியவரின் கார் பறிமுதலாகும்போது, குறைபாட்டுக்கான சாட்சியும் அதோடு போய்விடும்.

உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும். இலவசத் திருத்தமா, செலவில் ஒரு பங்கா, மாற்றுக் காரா, முழுப் பணமா? பிறேக், ஸ்டியரிங், காற்றுப்பை ஆகியவற்றில் குறையென்றால் இந்தக் கேள்விகளுக்கு முன்னரே காரை நிறுத்துங்கள்.

| வழி | கைச்செலவு | எடுக்கும் காலம் | பெரிதும் பொருந்துவது |
|---|---|---|---|
| அறிக்கையோடு நிறுவனத்திடம் மறுபடி | நடுத்தரம் | வாரங்கள் முதல் சில மாதங்கள் | பழுதின் காரணம் பற்றிய தகராறு |
| பாவனையாளர் அதிகார சபை | மிகக் குறைவு | மாதங்கள் | அண்மையில் வாங்கிய கார், தெளிவான உத்தரவாத மீறல் |
| மாவட்ட நீதிமன்றம் | அதிகம் | ஆண்டுகள் | பெரிய இழப்பு, பலமான சான்று |
| வெளியில் திருத்துதல் | பழுதைப் பொறுத்தது | நாட்கள் | பிழைப்புக்கான வாகனம், சிறிய பழுது |

## சான்று: எந்த வழிக்கும் முன்னர்

நிறுவனத்தின் வேலைக்கூடத்தில் காரை ஒப்படைக்கும்போது எழுதப்படும் ஜொப் காட்டை எடுத்துப் பாருங்கள். மேலே திகதி, மீற்றர் அளவு, செசி இலக்கம். நடுவில் வாடிக்கையாளரின் முறைப்பாடு என்றொரு பெட்டி. "காலையில் முதல் தடவை எடுக்கும்போது இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறாமல் இழுபடுகிறது, சில வேளை வீதி நடுவில் நின்றுவிடுகிறது" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அந்தப் பெட்டியிலோ "சத்தம்" என்ற ஒரு சொல் ஆங்கிலத்தில் இருக்கும். பின்னர் பிணக்கு வரும்போது, கார் நின்றுபோகிறது என்று இவர் ஒருநாளும் சொல்லவில்லை என்பதற்கு அந்த ஒரு சொல்லே ஆவணமாகிவிடும். ஆகவே கையொப்பமிடுமுன் முழு வசனத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் நீங்களே தமிழில் எழுதி, கையொப்பத்தோடு படம் பிடித்து, அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது சுதந்திரமான அறிக்கை. நம்பிக்கையான கராஜ்காரர் கண்டுபிடித்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் விசாரணையில் எடைபெறுவது, தகைமை பெற்ற மோட்டார் பொறியியலாளரோ காப்புறுதித் துறையில் பழகிய மதிப்பீட்டாளரோ கையொப்பமிட்டுத் தரும் அறிக்கை. கணினி ஸ்கேனில் வந்த பிழைக் குறியீடுகள், அந்த நேரத்து மீற்றர் அளவு, எந்தப் பாகம், அது பாவனையாலா தயாரிப்பாலா பழுதானது என்ற தெளிவான கருத்து ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். குறியீடுகளை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்க எவரையும் விடாதீர்கள். முதலில் பதிவு, அதன் பிறகே அழிப்பு.

அதே மாதிரிக் காருக்கு உற்பத்தியாளர் மீள் அழைப்பு விடுத்திருக்கிறாரா என்பதையும் செசி இலக்கத்தைக் கொண்டு உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் பாருங்கள். 2013 இல் வெளிவந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட், 2014 ஒக்ரோபருக்குள் ஐந்து தடவை மீள அழைக்கப்பட்டது. இரட்டைக் கிளச் கியர்பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருள் அவற்றில் முக்கியமான காரணம். இலங்கையில் பெருந்தொகையாக ஓடும் கார் அது. மீள் அழைப்பு என்பது குறை தம்முடையது என்று உற்பத்தியாளரே எழுத்தில் ஒப்புக்கொண்டது. உங்கள் பழுது அதற்குள் அடங்கினால் பாதித் தகராறு அங்கேயே முடிந்துவிடும்.

## வழி ஒன்று: அறிக்கையோடு நிறுவனத்திடம் மறுபடியும் போதல்

மறுத்தவரிடமே திரும்பப் போவது மானக்கேடு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முதல் மறுப்பைத் தருவது பெரும்பாலும் யாழ்ப்பாணக் கிளையின் சேர்விஸ் பகுதி. உற்பத்தியாளரிடமிருந்து உத்தரவாதப் பணத்தை அறவிட வேண்டியது கொழும்புத் தலைமையகம். கிளை அனுப்பிய விபரம் குறைவென்றால் மேலே இருப்பவர்கள் பார்த்ததும் அந்தக் குறைவான விபரத்தை மட்டுமே. பொறியியலாளரின் அறிக்கையையும் சேர்விஸ் பதிவுகளையும் இணைத்து, தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலிலும் உற்பத்தியாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலிலும் அனுப்பி, பதிலுக்கு இரண்டு வாரத் தவணை கொடுப்பது நல்ல முறை.

இதில் மறைந்திருக்கும் செலவு தூரம். "கொழும்புக்குக் கொண்டுவாருங்கள், பார்ப்போம்" என்ற அழைப்பு வரும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடக்கூடிய நிலையில் கார் இல்லையென்றால் லொறியில் ஏற்ற வேண்டும். அந்தக் கூலி யாருடையது என்று ஏற்றுமுன் எழுத்தில் கேளுங்கள். கார் அங்கே கிடக்கும் வாரங்களில் உங்கள் போக்குவரத்துச் செலவும், பிரித்துப் பார்த்ததற்கான கூலி என்று வரக்கூடிய விலைச்சிட்டையும் கணக்கில் சேரும்.

செலவில் பாதியை "நல்லெண்ண அடிப்படையில்" ஏற்பதாகச் சொல்வார்கள். உத்தரவாதம் முடியும் தறுவாயில் உள்ள காருக்கு அது பல வேளைகளில் நியாயமான முடிவே. ஆனால் அதற்காக நீட்டப்படும் கடிதத்தில் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி இருக்கும். அதே பாகம் மீண்டும் பழுதானால் அந்த வரி உங்களைக் கட்டிப்போடும்; புதிதாகப் போடும் பாகத்துக்குத் தனி உத்தரவாதக் காலம் எழுதித் தந்தால் மாத்திரம் ஒப்பமிடுங்கள்.

## வழி இரண்டு: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை

என் கருத்தில் யாழ்ப்பாணத்தில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படும் வழி இதுதான். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழிகாட்டல் பெறலாம். கச்சேரியிலுள்ள அதிகாரிகளிடம் நேரே எழுத்து முறைப்பாட்டைக் கொடுக்கலாம். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. சட்டத்தின் 13 ஆம் பிரிவு, உற்பத்தியாளரோ வர்த்தகரோ கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி விசாரிக்கவும், விசாரணையின் முடிவில் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தை மீளக் கொடுத்தல் ஆகியவற்றுக்குக் கட்டளையிடவும் சபைக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவாதம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றில்லை. உட்கிடையாக இருந்தாலும் போதும். கட்டளையை நிறுவனம் நிறைவேற்றாவிட்டால் அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றம் மூலம் குற்றப்பணம் போல அறவிடலாம்.

இவ்வளவு பலமுள்ள வழிக்கு ஓர் ஒடுக்கமான வாசல்: பொருள் விற்கப்பட்ட அல்லது சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். வாங்கிய இரண்டாம் மாதத்தில் பழுது தெரிந்து, "அடுத்த சேர்விஸில் பார்க்கிறோம்" என்ற வார்த்தையை நம்பி நாலாம் மாதம்வரை இருப்பவர்கள் இந்த வாசலை இழக்கிறார்கள். நிறுவனத்தோடு பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே முறைப்பாட்டைப் பதிவுசெய்து வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. பேச்சு வெற்றியானால் மீளப் பெறலாம். வாங்கி ஓராண்டு கடந்தவர், அண்மையில் நிறுவனத்தின் வேலைக்கூடம் செய்த திருத்தம் சரியில்லையென்றால், அந்தச் சேவையைப் பற்றி முறையிடுவதை யோசிக்கலாம். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்க வேண்டும் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது.

பணச் செலவு அநேகமாக இல்லை. நேரச் செலவு உண்டு. விசாரணை கொழும்பில் வைக்கப்பட்டால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் வேலை போகும். முறைப்பாடு எந்த நிலையில் உள்ளது என்று தெரியாமல் இழுபட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லும் கடமை தகவல் அலுவலருக்கு உண்டு.

## வழி மூன்று: கோரிக்கைக் கடிதமும் வழக்கும்

சட்டத்தரணி மூலம் அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தையும் வழக்கையும் ஒன்றாக எண்ணிப் பயப்பட வேண்டாம். கடிதத்துக்குச் செலவு சிறிது, பலன் சில வேளை பெரிது. கிளையில் மூடப்பட்ட கோப்பு, நிறுவனத்தின் சட்டப் பிரிவில் மீண்டும் திறக்கப்படும்.

வழக்குக்கு அடிப்படை, 1896 ஆம் ஆண்டுச் சட்டம் உட்கிடையாக விதிக்கும் நிபந்தனை: விற்கப்படும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். உத்தரவாதப் புத்தகத்தில் "வேறு எந்தப் பொறுப்பும் ஏற்கமாட்டோம்" என்று அச்சடித்திருப்பது முடிவான சொல் அல்ல. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம், சொந்தப் பாவனைக்கு வாங்குபவருக்கு எதிராக அத்தகைய விலக்குகளை மட்டுப்படுத்துகிறது. ஜப்பானிலிருந்து வந்த பாவித்த காரை வாகன விற்பனை நிலையத்தில் வாங்கியவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். முகவர் நிறுவனம் அவர்களை மறுப்பது சரியாக இருக்கலாம், ஏனெனில் அது விற்ற கார் அல்ல. பணத்தை வாங்கி விற்றவரின் பொறுப்பு அதனால் தீர்ந்துவிடாது.

காலம் இங்கே தாராளம். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள், எழுத்தில்லாததற்கு மூன்று ஆண்டுகள். ஆனால் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்க விரும்புபவருக்கு அந்தத் தாராளம் கிடையாது. நியாயமான காலத்துக்குள் நிராகரிப்பதாக அறிவிக்காமல் தொடர்ந்து ஓட்டினால் காரை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். மிஞ்சுவது நட்டஈட்டு உரிமை மட்டுமே.

எந்த நீதிமன்றம் என்பது எங்களுக்கு மிகப் பெரிய கேள்வி. பிரதிவாதி இருக்கும் இடம், வழக்குக்குக் காரணமான விடயம் எழுந்த இடம், ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம் ஆகியவற்றைக் கொண்டு அது தீர்மானமாகும். யாழ்ப்பாணக் கிளையில் கையொப்பமிட்டு, இங்கேயே காரைப் பொறுப்பேற்றவர் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தில் தமிழில் வழக்காடலாம். கொழும்புக் காட்சியறையில் ஒப்பமிட்டவருக்கு வழக்கு கொழும்புக்குப் போகும் சாத்தியம் உண்டு. அப்போது சட்டத்தரணியின் தவணைக் கட்டணத்தோடு ஆவண மொழிபெயர்ப்பு, பயணம், தங்குமிடம், நிபுணர் சாட்சியாகப் பொறியியலாளர் வரும் நாட்களுக்கான கட்டணம் எல்லாம் ஏறும். ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்புக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவரின் முடிவுக்கு, விடும் நியதி இருந்தால் நீதிமன்றத்துக்கு முன் அதையும் பார்க்க வேண்டும். வர்த்தமானியில் குறித்த தொகைக்குக் குறைந்த பிணக்கென்றால், உதாரணமாக ஒரு திருத்தக் கூலி மட்டும் என்றால், முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். வருமானம் குறைந்தோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இயந்திரம் முழுவதும் அல்லது ஹைபிரிட் பற்றரி போன்ற பெரிய இழப்பு, மாசற்ற சேர்விஸ் பதிவு, தயாரிப்புக் குறை என்று தெளிவாகச் சொல்லும் அறிக்கை ஆகிய மூன்றும் உள்ளவருக்கு இந்த வழியை நான் தயங்காமல் சொல்வேன். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கோரிக்கைக் கடிதத்தோடு நிறுத்துவது நல்லது.

## வழி நான்கு: வெளியில் திருத்துதல்

வாடகைக்கு ஓடும் காரும், நோயாளியை வாரந்தோறும் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் காரும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது. அத்தகையவர்களுக்கு வெளியில் திருத்துவது தோல்வி அல்ல. ஆனால் கழற்றும் நிமிடத்தில் சான்று அழியத் தொடங்கும். உத்தரவாதத்தின் மிச்சக் காலமும் ஆபத்துக்குள்ளாகும். ஆகவே முதலில் சுதந்திர அறிக்கை, அடுத்து, இத்தனையாம் திகதி இன்ன கராஜில் திருத்தப் போகிறேன், விரும்பினால் வந்து பார்வையிடலாம், செலவைப் பின்னர் கோருவேன் என்று நிறுவனத்துக்குப் பதிவுத் தபால், கழற்றும்போது காணொளி. கழற்றிய பாகத்தைக் கராஜில் விட்டுவராமல், திகதியும் செசி இலக்கமும் எழுதிய பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பழைய இரும்புக்குப் போன கியர்பெட்டிக்காக எவரும் நட்டஈடு தரமாட்டார்கள்.

பாவித்த பாகம் மலிவாகக் கிடைக்கும். அது எத்தனை மாதம் தாங்கும் என்று கராஜ்காரர் எழுதித் தருவாரா என்று கேளுங்கள்.

## விற்றுவிடலாமா

சிலர் இதையே முதலில் கேட்கிறார்கள். விற்கலாம்; ஆனால் குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலையில், விற்பனைக் கடிதத்தில் அதை எழுதித்தான் விற்க வேண்டும். குறியீடுகளை அழித்து, எச்சரிக்கை விளக்கை அணைத்து, இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவது, நிறுவனம் உங்களுக்குச் செய்ததையே நீங்கள் அவர்களுக்குச் செய்வது. பின்னர் அவர்கள் உங்கள் மீது வழக்குப் போடவும் இடமுண்டு. லீசிங் கார் என்றால் மிச்சக் கடனைத் தீர்த்து முழு உரிமையாளர் பெயரை நீக்கிய பின்னரே கைமாற்ற முடியும். முன்கூட்டித் தீர்ப்பதற்கான தொகையை எழுத்தில் பெற்று, குறையோடு கிடைக்கக்கூடிய விலையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வித்தியாசம் பொறியியலாளரின் அறிக்கைக்கும் ஒரு கோரிக்கைக் கடிதத்துக்கும் ஆகும் செலவைவிடப் பல மடங்காக இருந்தால், விற்பதற்கு முன் அந்த இரண்டையும் செய்து முடியுங்கள்.